தாங்கு சொட்டு

காந்திமதி வாய்விட்டுச் சிரித்தால் தாடை கழன்றுவிடும். பேச்சுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே கழன்றுவிடும். கல்யாணத்தன்று மாப்பிள்ளை சுயம்பு காதோரமாக என்னவோ சொல்ல, இவள் மறந்துபோய்ச் சிரித்துத் தொலைக்க, மணவறையிலேயே தாடை இடப்பக்கம் இறங்கிவிட்டது. பெண் வெட்கப்படுகிறாள் என்று நினைத்துப் புகைப்படக்காரர் அதையும் வளைத்து வளைத்துப் படம் எடுத்தார். அம்மா தங்கபுஷ்பம்தான் ஓடி வந்து, முந்தானையால் மறைத்துக்கொண்டு, கட்டைவிரலை மகள் வாய்க்குள் விட்டு ஓர் அழுத்து அழுத்திச் சரிசெய்தாள். பழகிய கை. தோள்பட்டை, மணிக்கட்டு, முழங்கால் சில்லு என்று மதியின் உடம்பில் நழுவாத மூட்டு எதுவும் பாக்கியில்லை. அத்தனையையும் சிறுவயதிலிருந்து எடுத்து வைத்தவள் அவள்தான்.

தூத்துக்குடியில் மதியைப்போல ஒரு தலைமுறையே இருந்தது. உப்பளத்தில் வேலைசெய்தவர்கள் பெற்ற பிள்ளைகள் என்பதால் பெரியவர்கள் அவர்களை அளத்துப் பிள்ளைகள் என்பார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ரப்பர் என்பார்கள். பேனா பிடித்தால் விரல்கள் பின்பக்கமாக மடியும் என்பதால் விரலுக்கு விரல் எஃகு வளையம். நின்றால் முழங்கால் பின்னால் வளையும் என்பதால் காலுக்கு ஒரு கூடு. மதிக்குத் துறைமுகத்தில் வேலை; ஆளில்லாமல் தானே ஓடுகிற கிரேன்களைத் திரையில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். உட்கார்ந்து செய்கிற வேலை கிடைத்ததே அவளுக்குப் பெரிய அதிர்ஷ்டம்.

இந்தப் பிள்ளைகள் எப்படி வந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாசமாக இருக்கிறவளுக்கு உடம்பு இளகும். பிள்ளைக்கு வழி விட வேண்டுமே, அதற்காக எலும்பையும் எலும்பையும் பிடித்துக் கட்டியிருக்கிற நார்களெல்லாம் நெகிழ்ந்து கொடுக்கும். இடுப்பு கழன்று போவதுபோல் வலிக்கும், பாதம் அகன்று செருப்பு பத்தாமல் போகும், முதுகு பின்னால் வளையும். வீட்டில் இருக்கிறவளே முனகுவாள் என்றால், தலையில் ஈர உப்பைச் சுமந்து வரப்பில் நடக்கிறவள் பாடு எப்படி இருக்கும்? முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மருந்துக் கம்பெனி இதற்கென்றே ஒரு சொட்டு மருந்தைக் கொண்டுவந்தது. அளத்து முதலாளிகளுக்கு வாயெல்லாம் பல். காலையில் பாத்தியில் இறங்கும்முன் கங்காணி பிள்ளைத்தாய்ச்சிகளை வரிசையாக நிறுத்தி நாக்கில் விடுவான். அப்புறம் ஒரு வலி கிடையாது, ஒரு முனகல் கிடையாது. பிரசவத்துக்கு முந்தின நாள்வரை உப்பு சுமந்தார்கள். அந்தப் பெண்கள்தான் அதற்குத் தாங்கு சொட்டு என்று பெயர் வைத்தார்கள். கங்காணியைக் கையெடுத்துக் கும்பிட்டவளும் உண்டு, பாவம்.

பிள்ளைகள் பிறந்து, கழுத்து நிற்க வேண்டிய மாதத்தில் நிற்காமல் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. மருந்தைத் தடைசெய்தார்கள், கம்பெனி பெயரை மாற்றிக்கொண்டு வேறு ஊருக்குப் போனது. அந்தச் சொட்டைக் குடித்த தங்கபுஷ்பத்தின் உடம்பு மட்டும் அந்தப் பலத்தோடு அப்படியே நின்றுவிட்டது. அறுபதை நெருங்குகிறாள், இன்றைக்கும் நிறைந்த கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு மாடி ஏறுவாள். மதி அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அப்பேர்ப்பட்ட மதிதான் இப்போது ஆறு மாதக் கர்ப்பிணி.

சுயம்பு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வர, பின்னால் தங்கபுஷ்பம் வர, மூவருமாக டாக்டர் ரெஜினாவின் அறைக்குள் நுழைந்தார்கள். அளத்துப் பிள்ளைகளை அவர்கள் தவழாமல் கிடந்த காலத்திலிருந்து பார்த்துவருகிறவர் ரெஜினா. மதிக்கு என்னவென்றாலும் அவர்தான்.

"மறைக்காம சொல்றேன் மதி" என்றார் டாக்டர். "முன்பக்கம் இடுப்பெலும்பு ரெண்டும் சேர்ற இடத்துல இப்பவே என் விரல் போற அளவுக்கு இடைவெளி விட்டிருக்கு. எல்லாப் பொம்பளைங்களுக்கும் அங்க கொஞ்சம் விலகும், பிரசவத்துக்கப்புறம் சேர்ந்துரும். உனக்குச் சேராது."

"அதுக்கப்புறம் நடக்க முடியாதா டாக்டர்?"

"நடக்கிறத விடு. எனக்குக் கழுத்தப் பாத்தாத்தான் பயமா இருக்கு. தலையைப் பிடிச்சிருக்கிற நாரும் இளகிக்கிட்டே வருது. என்னிக்காவது வேகமாத் தும்மினாக்கூட..."

சுயம்பு நாற்காலியின் பின்னாலிருந்து முன்னால் வந்தான். "வேற வழியே கெடையாதா?"

"ஒண்ணு இருக்கு. உங்களுக்கே தெரியும்." டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அந்தச் சொட்டுதான். உங்கள மாதிரிப் பாதிக்கப்பட்டவங்க மாசமா இருந்தா மட்டும் குடுக்கலாம்னு அனுமதிச்சிருக்காங்க. கொடுமைதான், என்ன செய்ய? வேற மருந்து இன்னும் யாரும் கண்டுபிடிக்கல."

"அது என்னதான் செய்யுது டாக்டரம்மா?" கேட்டது தங்கபுஷ்பம். "இத்தன வருசத்துல எனக்கு வெளங்குத மாதிரி ஒருத்தரும் சொன்னதில்ல."

"வயித்துப் பிள்ளையோட அணுக்கள்ல கொஞ்சம் அம்மா ரத்தத்துல கலக்கும்மா. அது எல்லாருக்கும் நடக்கிறதுதான். அம்மா உடம்புல எங்க காயமோ அங்க போய் ஒட்டிக்கும். ரொம்பக் கொஞ்சமாத்தான் போகும், அதனால பிள்ளைக்கு ஒரு குறையும் வராது. இந்தச் சொட்டு என்ன பண்ணும்னா, பிள்ளை தனக்கு நாரும் தசையும் கட்டிக்கிறதுக்கு வச்சிருக்கிற அணுக்களையே கூட்டங்கூட்டமா அம்மா பக்கம் திருப்பிவிட்டுரும். அம்மா உடம்பு இரும்பாயிரும்."

"பிள்ளைக்கு?"

"பிள்ளைக்கு மிச்சம் மீதி" என்றாள் மதி. "என்னயப் பாத்தாத் தெரியலியாம்மா?"

தங்கபுஷ்பம் குனிந்து தன் முழங்கால்களைப் பார்த்தபடியே இருந்தாள்.

"எனக்கு வேண்டாம் டாக்டர்" என்றாள் மதி. "படுத்த படுக்கையாக் கெடந்தாலும் சரி, செத்தாலும் சரி. நான் பட்டத அது படவேண்டாம்."

"ஏழாம் மாசம் முடியறவரைக்கும் யோசி. அதுக்குமேல ஆரம்பிச்சுப் பிரயோசனமில்ல."

"யோசிக்கதுக்கு ஒண்ணுமில்ல டாக்டர்."

வெளியே வந்ததும் தங்கபுஷ்பம் மகளை நாற்காலியிலிருந்து இரண்டு கையாலும் அள்ளி ஆட்டோவுக்குள் உட்காரவைத்தாள். அவளுக்கு மூச்சுகூட வாங்கவில்லை. அந்தக் கையில் இருக்கிற பலம் யாருடையது என்று மதிக்குத் தெரியும். விவரம் தெரிந்த வயதில் ஒரு தடவை, "அது எல்லாம் என்னோடது, எங்கிட்ட இருந்து எடுத்தது" என்று அம்மா முகத்துக்கு நேரே கத்தியிருக்கிறாள். அன்றைக்குத் தங்கபுஷ்பம் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அதன்பிறகு மதி அந்தப் பேச்சை எடுத்ததில்லை. இன்றைக்கும் எடுக்கவில்லை. அம்மாவின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள்.

ஏழாம் மாதம் வளைகாப்பு வைத்தார்கள். கழுத்துக்குப் பட்டை கட்டி, நாற்காலியில் தலையணைகளுக்கு நடுவே உட்காரவைத்தார்கள். கண்ணாடி வளையல் போடுவதென்றால் சாதாரணமாக எண்ணெய் தடவி, கையை அமுக்கி, இரண்டு உடைந்து, ஒரே அமர்க்களமாக இருக்கும். மதியின் கை துணிமாதிரி மடங்கிக் கொடுத்தது. வளையல்கள் அதுபாட்டுக்கு உள்ளே போயின, கையைத் தாழ்த்தினால் அதுபாட்டுக்குக் கழன்று விழுந்தன. "ஆத்தாடி, வளையக்காரருக்கு ஏத்த கைல்லா" என்று ஒருத்தி ஆரம்பித்தாள். பக்கத்திலிருந்தவள் கிள்ளியதும் அவள் வாயை மூடிக்கொண்டாள். கடைசியில் நூலால் கட்டித்தான் வளையல்களை நிறுத்தினார்கள்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே. அன்று சாயங்காலமே மதியை அம்மா வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார்கள்.

அந்தப் பக்கத்து ஊர்களில் பெண்பிள்ளை சமைந்தாலும் சரி, மாசமானாலும் சரி, முதலில் அடுப்பில் ஏறுவது உளுந்தங்களிதான். கறுப்பு உளுந்தை வறுத்துத் திரித்து, கருப்பட்டிப் பாகில் போட்டு, நல்லெண்ணெய் ஊற்றிக் கை ஓயக் கிண்டுவார்கள். இடுப்புக்குப் பலம் என்பார்கள். தங்கபுஷ்பம் தினமும் விடிந்ததும் ஒரு பெரிய உருண்டையைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"என்னம்மா லேசாக் கசக்கு?"

"வெந்தயம் கொஞ்சம் போட்டிருக்கேன். ஒனக்குச் சூட்டு ஒடம்புல்லா? தின்னுட்டி, பேசாம."

மதி தின்றாள். கொஞ்சநாளிலேயே படுக்கையில் புரண்டு படுக்கும்போது இடுப்புக்குள் கேட்டுக்கொண்டிருந்த நறநறப்பு நின்றுபோனது. பிறகு ஊறுகாய்ப் பாட்டில் மூடியைத் தானே திருகித் திறந்தாள். ஒருநாள் சுயம்பு ஃபோனில், துறைமுகத்தில் ஒரு கிரேன் சரக்குப் பெட்டிக்குப் பதிலாக மேலதிகாரியின் காரைத் தூக்கிக் கப்பலில் வைத்துவிட்ட கதையைச் சொன்னான். மதி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்த பிறகுதான் பயந்துபோய்த் தாடையைத் தொட்டுப்பார்த்தாள். அது அதன் இடத்திலேயே இருந்தது!

"எம்மா! ஒங் களிக்கு இம்புட்டுப் பவரா? டாக்டருக்குக் கொஞ்சம் குடுத்து விடணும்."

தங்கபுஷ்பம் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "நல்லாருந்தாச் சரிதான்" என்றாள்.

களிதான் காரணம் என்று மதி மனசார நம்பினாள். ஏன் நம்பமாட்டாள்? பிறந்ததிலிருந்து ஊரே சொல்லிக் கேட்ட விஷயமல்லவா அது. காலில் மாட்டியிருந்த கூட்டைக் கழற்றிவைத்துவிட்டு வாசல்வரை நடந்தாள், அப்புறம் தெருமுனைவரை நடந்தாள். குழாயடியில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டு மறுகாலைக் கழுவினாள். ஒற்றைக்காலில் நிற்பதெல்லாம் உங்களுக்கும் எனக்கும் ஒரு விஷயமா? அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. உடம்பு என்றால் இதுதானா, இவ்வளவு லேசானதா, இதைத்தான் எல்லாரும் தினமும் அனுபவித்துக்கொண்டிருந்தார்களா என்று ஆற்றாமையாகவும் இருந்தது.

ஒன்றுதான் இடித்தது. முன்பெல்லாம் வயிற்றுக்குள் ஒரே ரகளையாக இருக்கும். "ரவுடி, சும்மா கெட" என்று வயிற்றைத் தட்டுவாள். இப்போது அந்த உதை இல்லை. எப்போதாவது ஒரு சின்ன அசைவு, அதுவும் உடனே அடங்கிவிடும்.

"எடம் பத்தலல்லா, அதான்" என்றாள் தங்கபுஷ்பம். "வளந்த பிள்ள அமைதியாத்தான் இருக்கும்."

எட்டாம் மாதம் டாக்டரைப் பார்க்க மதி தனியாகவே போனாள். நாற்காலியும் இல்லை, கழுத்துப் பட்டையும் இல்லை. கதவைத் தள்ளிக்கொண்டு அவள் நடந்து வருவதைப் பார்த்து டாக்டர் ரெஜினா எழுந்து நின்றுவிட்டார்.

"அடேயப்பா! இவ்வளவு சீக்கிரம் பலன் தெரியும்னு நானே நினைக்கல. நல்ல வேளை மதி, மனச மாத்திக்கிட்டே. எனக்கு ராத்தூக்கமே இல்ல தெரியுமா?"

"என்னத்த மாத்திக்கிட்டேன் டாக்டர்?"

"சொட்டு மருந்துதான். நீ சம்மதிச்சுட்டேன்னு உங்கம்மா வந்து வாங்கிட்டுப் போனாங்களே, வளைகாப்புக்கு முந்தி." சொல்லிக்கொண்டே வந்தவர் மதியின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "மதி? நீ சம்மதிக்கலையா?"

"களி" என்றாள் மதி.

டாக்டருக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். பெத்த தாய் வந்து சொல்றப்ப நான் சந்தேகப்படல."

"இப்ப நிறுத்தினா?"

"நிறுத்தலாம். ஆனா இதுவரைக்கும் வந்தது வந்ததுதான் மதி. திரும்பிப் போகாது."

வீட்டுக்கு வந்தபோது தங்கபுஷ்பம் முற்றத்தில் உட்கார்ந்து உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மதி நேரே வந்து எதிரில் நின்றாள். அந்த நிற்பைப் பார்த்ததுமே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"எத்தன நாளாம்மா?"

"நீ இங்க வந்த மறுநாள்ல இருந்து."

"மொதத் தடவ ஒனக்குத் தெரியாது. கங்காணி விட்டான், நீ நாக்க நீட்டுன. அதுக்காவ ஒம்மேல எனக்குக் கோவம் கெடையாது, சத்தியமாக் கெடையாது. இப்பத் தெரியும்லா? அந்த டாக்டர் ஒனக்கு வெளக்கி வெளக்கிச் சொன்னாங்கள்லா?"

"சொன்னாங்க. வெளங்கித்தான் செஞ்சேன்."

"அது ஒம் பேரப்பிள்ளைம்மா!"

"ஆமா. நான் இன்னும் மொகம் பாக்காத பேரப்பிள்ள." தங்கபுஷ்பத்துக்குக் கண்ணில் தண்ணீர் வரவில்லை. "ஒம் மொகத்த நான் முப்பது வருசமாப் பாக்கேன். எனக்கு இருக்குறது நீ ஒருத்தி. ஒம் பிள்ளைக்காவ நீ சாவத் துணிஞ்சியே, எம் பிள்ளைக்காவ நான் ஒரு பாவம் பண்ணக் கூடாதா? சொல்லுட்டி, கூடாதா?"

மதி பக்கத்தில் கிடந்த களி கிண்டுகிற இரும்புச் சட்டியை எடுத்தாள். பெரிய சட்டி அது. ஒரே வீச்சில் சுற்றுச்சுவரைத் தாண்டி எறிந்தாள். தோள் நழுவவில்லை, மணிக்கட்டு மடங்கவில்லை. வெளியே சட்டி விழுந்து உருளுகிற சத்தம் கேட்டது. கோபப்படக்கூட இத்தனை நாள் அவளுக்கு உடம்பு இருந்ததில்லை. எறிந்த அந்த ஒரு கணம் உடம்புக்கு என்ன சுகமாய் இருந்தது என்பதை நினைத்துத்தான் அவள் அங்கேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு சுயம்பு வீட்டுக்குப் போய்விட்டாள். கதவைத் திறந்த சுயம்பு, பெட்டியோடு நிற்கிற பெண்டாட்டியைப் பார்த்துக் குதிக்காத குறையாக, "ஏ மதி! நீயா தூக்கிட்டு வந்த?" என்று கட்டிப்பிடித்துக்கொண்டான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் முகத்திலிருந்த சந்தோஷம் போகக் கொஞ்சநேரம் பிடித்தது. அதை அவள் பார்த்துவிட்டாள்.

"அத்தான், ஒங்களுக்கும் இது சம்மதந்தானோ?"

"எனக்குத் தெரியவே தெரியாது மதி. ஒன் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுதேன்." அவன் கையை அவள் தோளிலிருந்து எடுக்கவேயில்லை. "ஆனா நீ இருக்கியே. என்னால அத மட்டுந்தான் நெனைக்க முடியுது. என்னயத் திட்டு, அடி, என்ன வேணாப் பண்ணு."

அவனை என்ன திட்டுவது? இந்தப் பிள்ளைக்காகப் பேச உலகத்தில் தன்னைத் தவிர ஒருத்தரும் இல்லை என்று மட்டும் அவளுக்குத் தெளிவாகப் புரிந்தது. மிச்சமிருந்த நாட்களில் அவள் பேசியதெல்லாம் வயிற்றோடுதான். "அசையுடா கண்ணு, ஒரே ஒரு உதை" என்று கெஞ்சுவாள். உள்ளே ஏதோ லேசாக நெளியும், அவ்வளவுதான்.

பிரசவம் சுலபமாக நடந்தது. அளத்துப் பிள்ளை ஒருத்தி இப்படிப் பெற்று எழுந்து உட்கார்ந்ததை ஆஸ்பத்திரியே அதிசயமாகப் பார்த்தது. பெண்குழந்தை. நர்ஸ் தூக்கியபோது கையும் காலும் நான்கு பக்கமும் தொங்கின. நர்ஸ் துணியில் சுற்றி, கழுத்துக்கு அடியில் இரண்டு விரலைக் கொடுத்து, பத்திரமாகக் கொண்டுவந்து மதியிடம் தந்தாள். அழுகைச் சத்தம் அடுத்த கட்டிலுக்குக்கூடக் கேட்டிருக்காது.

தங்கபுஷ்பம் வாசலிலேயே நின்றாள். உள்ளே வரவும் தைரியமில்லை, போகவும் மனசில்லை. மதி அவளைப் பார்க்கவில்லை.

மதியின் கைக்கு வலிக்கவேயில்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அவளால் பிள்ளையை ஏந்திக்கொண்டிருக்க முடியும். ஆள்காட்டி விரலை அந்தச் சின்ன உள்ளங்கையில் வைத்தாள். பிடிக்கப் பார்த்த விரல்கள் பின்பக்கமாக மடிந்துபோயின. பிள்ளை இன்னும் கொஞ்சம் அழுதது.

"அழாதட்டி, அழாத" என்று மதி குனிந்து அதன் நெற்றியில் வாயை வைத்தாள். "எம் பொன்னுல்லா? நீ வளந்து பெரியவளாவி, ஒனக்கு ஒரு பிள்ள உண்டாவும்லா, அப்ப எல்லாஞ் சரியாயிரும் என்ன?"

சொல்லி முடித்த பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

வாசலில் நின்ற தங்கபுஷ்பத்துக்கும் அது கேட்டது. அவள் மெல்ல உள்ளே வந்து, கட்டில் ஓரமாக உட்கார்ந்து, பேத்தியை வாங்கிக்கொள்ள இரண்டு கையையும் நீட்டினாள். மதி கொடுத்தாள்.